புதுக்கோட்டையில் இரண்டு நாள்: பதின்மூன்று இடங்களில் எதை விடுவது?

சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் திருச்சியில் இறங்கி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புகிறீர்கள். வண்டி பேசியாகிவிட்டது. உங்களோடு மனைவி, எட்டாவது படிக்கும் மகன், மூட்டுவலி உள்ள 66 வயது அம்மா. கையில் பதின்மூன்று இடங்களின் பட்டியல் இருக்கிறது: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், புதுக்கோட்டை அருங்காட்சியகம், மலையடிப்பட்டி, குன்னாண்டார்கோயில், விராலிமலை, ஆவுடையார்கோயில், பொற்பனைக்கோட்டை, செட்டிநாட்டு வீடுகள், கடைசியாகத் தஞ்சைப் பெரிய கோயில். எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும் என்று கேட்கிறீர்கள். எந்த வரிசையில் போனாலும் முடியாது. அது உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எதையெல்லாம் கூச்சமில்லாமல் விட்டுவிடலாம், மிச்சத்தை எப்படிப் பார்த்தால் மனத்தில் நிற்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் கல்வெட்டியல் படித்தவன். பல ஆண்டுகளாக இந்தப் பகுதிக்கு மரபுநடைக் குழுக்களை அழைத்துப் போகிறேன். குழு எதுவானாலும் ஒன்று மாறுவதில்லை. ஒரே நாளில் நான்காவது இடத்துக்குப் போகும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை, நிழல் எங்கே என்றுதான் தேடுகிறார்கள். அதனால் ஒரு நாளைக்கு மூன்று இடம், அதிலும் மலை ஏறுவது ஒன்றே ஒன்று. இரண்டு நாளுக்கு ஆறு இடம். உங்களுக்கும் அதே கணக்குதான்.

அந்த ஆறைத் தேர்ந்தெடுக்க ஒரு பிடி வேண்டும். 'புகழ்பெற்றவை' என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு இடமும் தனித்தனியாக நிற்கும், ஊர் திரும்பியதும் எது எங்கே இருந்தது என்றே குழம்பிவிடும். நான் இந்த வட்டாரத்துக்குப் பயன்படுத்துவது ஒரே ஒரு கேள்வி: 9-ஆம் நூற்றாண்டில் இந்த நிலம் யாருடையது? வடக்கே காவிரிக்கரை வரை பல்லவர் கை நீண்டிருந்தது, தெற்கே பாண்டியர். நடுவில் இருக்கும் இந்தக் காய்ந்த பாறைநிலத்தை ஆண்டவர்கள் முத்தரையர், இருக்குவேளிர் போன்ற சிறு தலைவர்கள். கோயிலைக் குடைந்ததும் கட்டியதும் பெரும்பாலும் இவர்கள்தான். ஆனால் கல்வெட்டின் தலைப்பில் யாராவது ஒரு பேரரசனின் ஆட்சியாண்டு இருக்கும். நார்த்தாமலைக் குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்த கோயிலில், பல்லவன் நிருபதுங்கனின் 7-ஆம் ஆண்டு. அங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் உள்ள சித்தன்னவாசலில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் பெயர். இரண்டும் ஒரே நூற்றாண்டு. உங்கள் மகனிடம் இதைச் சொல்லிவைத்து, ஒவ்வொரு இடத்திலும் "இங்கே ராஜா யாரு, கட்டினது யாரு?" என்று கேட்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். பெரியவர்களுக்கும் அதுவே போதும்.

இந்தப் பிடியை வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகக் குறையும். தஞ்சாவூர் வேண்டாம். பெரிய கோயிலுக்கே ஒரு முழு நாள் தேவை, அது வேறு பயணம். செட்டிநாட்டு வீடுகள் அருமையானவை, ஆனால் அது 19, 20-ஆம் நூற்றாண்டுகளின் கதை. ஆவுடையார்கோயிலை விடுவதுதான் கொஞ்சம் வலிக்கும். கருங்கல்லைத் தகடாக இழைத்து, மரச்சட்டமும் கம்பியும் போலச் செதுக்கிய கொடுங்கைகளை, அதாவது கூரையின் வளைந்த விளிம்புகளை, வேறெங்கும் அப்படிப் பார்க்க முடியாது. கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டுமே. ஆனாலும் அறந்தாங்கிக்கும் அப்பால் போய்த் திரும்ப அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். மூன்றாவது நாள் கிடைத்தால் அதை முழுசாக அதற்கே கொடுங்கள். பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு நடந்தது உண்மைதான், 2021-இலும் 2023-இலும் தோண்டினார்கள். ஆனால் அகழாய்வு முடிந்தபின் குழிகளை மூடிவிடுவது வழக்கம். போகிறவர் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் மண்மேடான கோட்டைச் சுவர்தான், விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் பையன் ஏமாந்துபோவான். விராலிமலை திரும்பும் வழியிலேயே இருக்கிறது, முருகனைக் கும்பிட அம்மா ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். குன்னாண்டார்கோயிலையும் மலையடிப்பட்டியையும் அடுத்த முறைக்கு வையுங்கள்.

மிச்சம் ஆறு: நார்த்தாமலை, அருங்காட்சியகம், திருமயம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். இவை ஒரு வட்டமாக அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் போய், மேற்குப் பக்கமாகச் சுற்றி, மதுரைச் சாலை வழியாகத் திருச்சிக்கே வந்துவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டியது திருமயத்துக்குப் போய்வரும் இருபது கிலோமீட்டர் மட்டும்.

அப்புறம், நேரம். வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அருங்காட்சியகம் போக மற்றவற்றில் மூன்று வகை உண்டு. வழிபாட்டில் உள்ள கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும்: குடுமியான்மலை, திருமயத்தின் இரண்டு கோயில்கள். தொல்லியல் துறை இடங்கள் பகலில் சாத்துவதில்லை: சித்தன்னவாசல், கொடும்பாளூர், திருமயம் கோட்டை. மூன்றாவது வகை மொட்டைப் பாறை: நார்த்தாமலை. அங்கே எந்தத் துறையும் நேரம் குறிக்க வேண்டியதில்லை, வெயிலே குறித்துவிடும். ஆக, பாறை விடியலில், கோயில் முற்பகலில் அல்லது மாலையில், கூரை உள்ள இடம் உச்சிவெயிலில். இந்த ஒரு விதிதான் கீழே நான் சொல்லும் வரிசை முழுக்க.

சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி, குளித்து, கையில் காலை உணவைக் கட்டிக்கொண்டு நேராக நார்த்தாமலை. ஒன்பது மணிக்குள் மேலே இருந்துவிட வேண்டும். அங்கே நாம் ஏறும் மேலமலை ஒரே பாறைச் சரிவு, பெரும்பகுதி படிக்கட்டு கிடையாது, நிழல் கிடையாது. அம்மா ஏற வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கெடுதல். அடிவாரத்தில் மரநிழல் உண்டு, உங்கள் மனைவியோ நீங்களோ ஒருவர் கூட இருங்கள், மாறி மாறி ஏறலாம். மேலே போனவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு குடைவரைகளும் அவற்றுக்கு எதிரே நிற்கும் கற்றளியும், அதாவது கல்லால் கட்டிய கோயிலும். கற்றளியின் பெயர் விஜயாலய சோழீச்சுரம். உள்ளே கருவறை வட்டம், அதைச் சுற்றியுள்ள வெளிச்சுவர் சதுரம். தமிழ்நாட்டில் இந்த அமைப்பு அரிது. பெயரை வைத்து, சோழப் பேரரசைத் தொடங்கிய விஜயாலய சோழன் கட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் வருவது பிற்காலக் கல்வெட்டில். கோயிலிலேயே துவாரபாலகர் காலடியில் உள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையால் இடிந்தது, அதை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்கிறது. கட்டியவன் சாத்தன் பூதி என்பது கல்லில் உள்ளது, உறுதி. விஜயாலயனுக்கு இதில் நேரடிப் பங்கு இருந்ததா என்பது விவாதம். 'முதல் சோழர் கோயில்' என்று பலகையோ வழிகாட்டியோ சொன்னால் அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரே உள்ள சிறிய குடைவரை பழியிலி ஈச்சுரம். நிருபதுங்கனின் 7-ஆம் ஆண்டில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது. அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபம் முதலியவற்றைச் சேர்த்தாள் என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. அப்பன் குடைந்ததை மகள் விரித்தாள் என்று எழுதிவைத்த கல் நம்மிடம் நிறைய இல்லை, ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்துக் குடைவரையின் பெயர் சமணர் குடகு, ஆனால் உள்ளே ஒரே மாதிரியான பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கும். சமணக் குகையைப் பின்னர் மாற்றினார்கள் என்ற கருத்து உண்டு. பெயரைத் தவிர வலுவான சான்று குறைவு என்பதால் நான் அதை 'இருக்கலாம்' என்ற அளவில்தான் சொல்வேன். ஒரு சின்ன எச்சரிக்கை: பங்குனியில் அடிவாரத்து முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது போனால், வண்டி ஊருக்குள் நுழையவே நேரமாகும்.

பத்தரை மணிக்குள் இறங்கினால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம். 1910-இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. பெரும்பாலானோர் அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைக்கிறார்கள், நான் முன்னாலேயே வைப்பேன். இறந்தவரைப் புதைத்த ஈமத்தாழி, சமணச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் என்று இந்த வட்டாரத்திலிருந்து வந்த பொருள்கள் இங்கே கிட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் வயல்வெளியில் போய் நின்றால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். அம்மாவுக்கும் உட்கார்ந்து ஓய்வெடுத்துப் பார்க்க வசதி. பதப்படுத்திய விலங்குகளும் உண்டு, பையன் அங்கேதான் அதிக நேரம் நிற்பான், நிற்கட்டும். பக்கத்திலேயே கோகர்ணேசுவரர் பிரகதாம்பாள் கோயில். குடைவரைக் கருவறையைச் சுற்றி வளர்ந்த கோயில் அது. புதுக்கோட்டை மன்னர்களான தொண்டைமான்களின் குலதெய்வம் பிரகதாம்பாள். அவர்கள் வெளியிட்ட அம்மன் காசு என்ற சிறு செம்புக்காசில் இருப்பவளும் இவளே. நண்பகலுக்குள் போனால் நடை திறந்திருக்கும்.

மதியம் அறைக்குப் போய் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. விடியற்காலை ரயிலில் வந்தவர்களுக்கு இந்த இரண்டு மணிநேரம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீண்.

மூன்று மணிக்குமேல் திருமயம். முதலில் கோட்டை, நான்கு மணிக்குப் பின் கோயில்கள். கோட்டை 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது. ஆகவே நம் 9-ஆம் நூற்றாண்டுக் கேள்விக்கு இது வெளியே. ஆனாலும் சேர்த்திருப்பதற்குக் காரணம், கோட்டை நிற்கும் அதே பாறையின் சரிவில் அடுத்தடுத்துக் குடையப்பட்ட சிவன், பெருமாள் கோயில்கள். சத்தியகிரீசுவரர் குடைவரையில் லிங்கத்துக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரத்தைத் தாண்டிய லிங்கோத்பவர். பெருமாள் குடைவரையில் பள்ளிகொண்டவரைச் சுற்றிச் சுவர் முழுக்கத் தேவர் கூட்டம், மது, கைடபர் என்ற அசுரர்கள் வேறு. இரண்டு கோயில்களுக்கும் நிலவருவாய் பற்றி நெடுநாள் தகராறு இருந்து, 13-ஆம் நூற்றாண்டில் ஒய்சளத் தண்டநாயகர் (படைத்தலைவர்) ஒருவர் முன்னிலையில் தீர்ந்தது என்பதற்கும் கல்வெட்டு உண்டு. குடைவரைகளின் காலம் பற்றி, பல்லவரா பாண்டியரா முத்தரையரா என்று மூன்று கட்சி இருக்கிறது. மூன்றையும் படித்துவிட்டு நான் பாண்டியர் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கோயில்கள் இரண்டும் சிரமமில்லை. கோட்டை ஏற்றம் படிக்கட்டோடு மிதமானது, நடுவழியில் திரும்பினாலும் நட்டமில்லை.

உங்கள் வீட்டில் யாருக்கும் கோட்டையில் ஆர்வமில்லை என்றால் ஒரு மாற்று: திருமயத்தை விட்டுவிட்டு மலையடிப்பட்டி. தந்திவர்ம பல்லவன் காலத்தில் முத்தரையர் குடைந்த சிவன் குடைவரையும், பள்ளிகொண்ட பெருமாள் குடைவரையும் அங்கே ஒரே பாறையில் உள்ளன. நம் கேள்விக்கு உண்மையில் அதுதான் நெருக்கமான இடம். சிறிய ஊர்க்கோயில் என்பதால் அர்ச்சகர் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாததால்தான் முதல் முறை வருகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஞாயிறு, திறக்கும் நேரத்துக்கே சித்தன்னவாசலில் இருங்கள். இங்கே ஒன்றுக்கொன்று தொடர்புடைய இரண்டு இடங்கள், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. மலைமேல் சமணத் துறவிகள் தங்கிய ஏழடிப்பட்டம், கீழே ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்கு ஏறி இறங்கிவிடுங்கள். படி செதுக்கி, கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். மேலே இயற்கைக் குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள், தலையணைபோல் ஒரு பக்கம் உயர்த்தி வழவழப்பாக இழைத்தவை. ஒரு படுக்கையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு பொறிப்பு. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காக இந்த வட்டாரத்து இளையர் செய்துகொடுத்தது என்பது அதன் சாரம். எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. பொறிப்பின் காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு, கி.மு. 1-ஆம் நூற்றாண்டு என்று இரண்டு விதமாகச் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கன்னடத்துப் பக்கத்திலிருந்து ஒரு துறவி இந்தக் குகைக்கு வந்திருக்கிறார். குழுவோடு போகும்போது நான் அதிக நேரம் பேசுவது இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

கீழே அறிவர் கோயில். வாசலில் தெரியும் தூண் மண்டபம் பழையது என்று பலர் அதையே படமெடுக்கிறார்கள். அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமஸ்தானத்தார் குடைவரையைப் பாதுகாக்கக் கட்டியது, தூண்கள் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்தவை. உள்ளே விதானத்தில் தாமரைத் தடாகம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடல் மகளிர். நிறைய அழிந்துவிட்டது. படங்களில் பார்த்த பளிச்சென்ற நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இருட்டுக்குக் கண் பழக ஐந்து நிமிடம் கொடுத்தால் கோடுகள் மெல்ல வரும். இப்போது உறுதி எது, ஐயம் எது என்று பிரிக்கிறேன். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்று பாட்டாகவே கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு, பாண்டியர், இது உறுதி. குடைவரையை முதலில் தோண்டியது யார் என்பது ஐயம். முன்பு மகேந்திரவர்ம பல்லவன் என்றார்கள், பழைய வழிகாட்டி நூல்களில் அப்படித்தான் இருக்கும். இன்று பாண்டியர் என்போரே அதிகம். ஓவியம் இரண்டு அடுக்காக இருப்பது வேதியியல் ஆய்வில் தெரிந்தது. அதனால் நாம் பார்ப்பது முழுக்க இளங்கௌதமன் காலத்தது என்று ஒரே வீச்சில் சொல்லிவிட முடியாது.

பதினொரு மணிக்குள் குடுமியான்மலை. இதை நண்பகலுக்குள் பார்க்காவிட்டால் நான்கு மணிவரை வெளியே காத்திருக்க வேண்டும், மொத்தத் திட்டமும் சரியும். அனிவெட்டி மண்டபத்தில் நாயக்கர் காலத்துப் பெரிய சிற்பங்கள்: பத்துத் தலை இராவணன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், ரதி, மன்மதன். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போகும் இடம் இதுவாகத்தான் இருக்கும், கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இசைக் கல்வெட்டு இருப்பது உள்ளே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில். பூட்டியிருக்கும், தொல்லியல் துறைக் காவலரைக் கேட்டால் திறப்பார். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு உரிய சுரக்கோவைகள், கிரந்த எழுத்தில். கடைசியில் தமிழில் 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்ற வரி. உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர் நன்மைக்காகச் செய்தது என்றிருக்கிறதே தவிர அரசன் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்பது ஊகம். நல்ல ஊகம், ஆனால் எழுத்தின் வடிவத்தை வைத்துப் பிந்திய காலம் என்று மறுப்போரும் உண்டு. பாறையைப் பார்த்தால் வெறும் எழுத்துப் பத்திகள்தான், சங்கீதம் தெரியாதவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கொடும்பாளூர். மூவர் கோயில் என்ற பெயர் இருந்தாலும் நிற்பவை இரண்டு, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயராலும் கற்றளி (இங்கே இது ஒரு பெண்ணின் பெயர்), வரகுணை என்ற இரு மனைவியர் பெயராலும் எடுத்தது. சுற்றிலும் சிறு கோயில்களின் அடித்தளங்கள், புல்வெளி, சமதரை. அம்மாவுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நம் கேள்விக்கு மிக நல்ல பதில் இங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் இந்தக் கல்வெட்டில் பேரரசனே இல்லை. இருக்குவேளிரின் வம்சவரிசை, அவர்கள் செய்த போர்கள், காளாமுகம் என்ற சைவப் பிரிவின் துறவி மல்லிகார்ச்சுனருக்குக் கட்டிக்கொடுத்த மடம், ஐம்பது துறவிகளின் உணவுக்கு விட்ட பதினொரு ஊர்கள். எல்லாமே தங்கள் பெயரில். ஆண்டுக் குறிப்பு இல்லாததால் காலத்தில் சிக்கல். விக்கிரமகேசரி பல்லவப் படையை வென்றான் என்று வருவதைப் பிடித்துக்கொண்டால் 9-ஆம் நூற்றாண்டின் இறுதி. வீரபாண்டியனை வென்றான் என்பதைப் பிடித்துக்கொண்டால் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள் இருக்கின்றன. சிற்பங்களின் நடையை வைத்து நான் பிந்தைய காலத்தை நோக்கிச் சாய்ந்தாலும் பந்தயம் கட்ட மாட்டேன். பையனுக்குச் சொல்ல இன்னொன்று: கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியைச் சிலப்பதிகாரம் சொல்லும்போது இந்த ஊரின் குளத்தைச் சொல்லும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரத்தில் திருச்சி, ரயிலுக்கு முன் சாப்பிடவும் நேரமிருக்கும்.

மாதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நார்த்தாமலைப் பாறை வழுக்கும், அப்போது போக நேர்ந்தால் அதை மட்டும் தள்ளிவிடுங்கள். போவதற்கு முன் ஏதாவது படிக்க வேண்டுமானால், சமஸ்தானம் வெளியிட்ட புதுக்கோட்டை மாநிலக் கையேட்டில் இந்த ஊர்களுக்கான பக்கங்களை மட்டும் படியுங்கள். மின்னூலாகத் தேடினால் கிடைக்கும். காலக்கணிப்பில் பழசாகிவிட்ட இடங்கள் உண்டு, இட விவரங்களுக்கு இன்றும் அதை மிஞ்சியது இல்லை.

நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் இங்கே எழுதவில்லை, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியை மட்டும் இப்போதே பாருங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. நீங்கள் வருவது இரண்டாம் சனி என்றால் அருங்காட்சியகத்தை ஞாயிறு காலைக்கு மாற்றி, ஏழடிப்பட்ட ஏற்றத்தை விட்டுவிடுங்கள், அறிவர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு நண்பகலுக்குள் குடுமியான்மலை போய்ச் சேர்வது கொஞ்சம் ஓட்டமாக இருந்தாலும் முடியும். முடிந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவது இன்னும் உத்தமம்.